மின்பலகை பேசாவிட்டால்



தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் குடியேறியவர்களின் வீடுகளிலும் இப்பொழுது ஒரு புதிய பொருள் மேசைமேல் காணப்படுகிறது. உள்ளங்கை அளவுள்ள ஒரு பலகை. அதன் ஓரங்களில் வரிசையாகச் சிறு துளைகள், நடுவே ஒரு கறுப்புச் சில்லு. 2017-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இடைநிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் 'ரெக்கா பெந்துக் டான் தெக்னோலோகி' என்னும் பாடம் இருக்கிறது அல்லவா? அதன் மின்னணுப் பகுதிக்காகப் பிள்ளைகள் வாங்கி வருவது இது. இதற்கு மைக்ரோகன்ட்ரோலர் பலகை என்று பெயர். நாம் மின்பலகை என்றே சொல்லிக்கொள்வோம்.

வாங்கிய இரண்டாம் நாளே பிள்ளை வந்து நிற்கிறது. "அம்மா, பலகை கெட்டுப் போச்சு, கம்ப்யூட்டர்ல தெரியவே இல்ல. வேற ஒண்ணு வாங்கணும்" என்கிறது. இன்னொரு பலகை என்றால் ஒரு நாள் கூலியில் நல்லதொரு பங்கு போய்விடும். அந்தப் பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்ப்பதற்கு முன்பு சற்றுப் பொறுங்கள். இந்தப் பலகைகள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. பத்தில் பெரும்பாலும் கெட்டிருப்பது பலகையன்று, பலகைக்கும் கணினிக்கும் இடையிலுள்ள வழிதான். அந்த வழியை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகவே நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துத் தொடங்குகிறேன். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரையில் இரயில் பாதை திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர்கள் குடியிருந்த பகுதியாக வளர்ந்தது. நிலையத்துக்கு நிலையம் தந்தியில் பேசிக்கொண்ட காலம் அது. தந்திக் கம்பியில் ஒரு சொல் முழுவதாகப் போகாது. புள்ளியும் கோடுமாக, ஒன்றன் பின் ஒன்றாகவே போகும். நம் மின்பலகையும் கணினியுடன் இவ்வாறே பேசுகிறது. ஓர் எழுத்தைச் சிறு துடிப்புகளாக உடைத்து, வரிசையாக ஒரே கம்பியில் அனுப்புகிறது. இதைத்தான் சீரியல் தொடர்பு என்கிறார்கள். அதன் வேகத்தைக் குறிக்கும் 'பாட்' என்ற சொல்லும் தந்தியிலிருந்து வந்ததே. எமில் பொடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயர் அது.

இனிக் கோளாறுக்கு வருவோம். முதலில் பலகையைத் தொடாதீர்கள். கேபிளைப் பாருங்கள்.

நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும், கேபிள்தான் முதல் குற்றவாளி. கணினியில் செருகும் யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொண்டுபோகும். பச்சையும் வெள்ளையும் பேச்சைக் கொண்டுபோகும். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்றே விற்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருப்பதே இல்லை. அத்தகைய கேபிளைச் செருகினால் பலகையில் விளக்கு எரியும். விளக்கு எரிவதைப் பார்த்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று பிள்ளை நம்பிவிடும். குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காகக் கடிதமும் வந்துவிடுமா? மின்சாரம் வேறு, பேச்சு வேறு.

வெளித்தோற்றத்தில் இரண்டு கேபிளுக்கும் வேறுபாடு தெரியாது. கைத்தொலைபேசியை அதே கேபிளால் கணினியில் இணைத்துப் பாருங்கள். தொலைபேசியில் கோப்புகளை மாற்றட்டுமா என்று கேள்வி வந்து, அதிலுள்ள படங்கள் கணினியில் தெரிந்தால், அது பேசும் கேபிள். மின்னேற்றம் மட்டும் நடந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறு கேபிளால் முயலுங்கள். முனை வேறாக இருந்து தொலைபேசியில் செருக முடியாவிட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வேலை செய்யும் கேபிளைக் கேட்டு வாங்கி மாற்றிப் பாருங்கள். நல்லது என்று தெரிந்த கேபிள் ஒன்றில் சிவப்பு நூல் கட்டி வைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

கேபிள் நல்லது, ஆனாலும் கணினி பலகையைக் காணவில்லை என்றால் அடுத்த படி. விண்டோஸ் கணினியில் டிவைஸ் மேனேஜர் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பலகையைச் செருகுங்கள், எடுங்கள், மறுபடியும் செருகுங்கள். செருகும்போது தோன்றி எடுக்கும்போது மறையும் பெயர் எதுவோ அதுவே உங்கள் பலகை. 'காம் 3', 'காம் 5' என்பது போல ஓர் எண் அதற்கு இருக்கும். அந்த எண்ணைத்தான் நிரலெழுதும் செயலியில் தெரிவு செய்ய வேண்டும். பல பிள்ளைகள் பட்டியலில் முதலில் நிற்கும் 'காம் 1'-ஐத் தொட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அது பெரும்பாலும் கணினிக்கே உரிய வேறு வாசல். கதவு மாறித் தட்டினால் யார் திறப்பார்கள்?

பெயர் தோன்றுகிறது, ஆனால் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி நிற்கிறது என்றால், கணினிக்கு அந்தப் பலகையின் மொழி தெரியவில்லை என்று பொருள். 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுவினோ பலகையின் மாதிரியைப் பின்பற்றிப் பல நாடுகளில் பலகைகள் செய்கிறார்கள். நம் பினாங்கிலுள்ள சைட்ரான் நிறுவனம் மாணவர்களுக்கென்று மேக்கர் ஊனோ என்ற பலகையைச் செய்கிறது. விலை குறைந்த பலகைகளில் யூஎஸ்பி பேச்சைச் சீரியல் பேச்சாக மாற்ற, சீனாவின் நான்ஜிங் நகர நிறுவனம் ஒன்று செய்யும் சிஎச் 340 என்ற சில்லு இருக்கும். அதற்குரிய டிரைவர் என்னும் மென்பொருள் கணினியில் இல்லாவிட்டால் மஞ்சள் குறிதான் வரும். இணையம் இருக்கும் இடத்தில் கணினியை ஒருமுறை இணைத்து அதை நிறுவிவிட்டால் போதும். பலகை மலிவானது என்பதால் கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

வாசல் எண் சரி, டிரைவரும் சரி, ஆனால் நிரலை ஏற்றும்போது 'நாட் இன் சிங்க்' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். செயலியில் பலகையின் வகையைத் தவறாகத் தெரிவு செய்திருக்கலாம். வேறொரு செயலி அந்த வாசலைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், ஏனெனில் ஒரு நேரத்தில் ஒரு வாசலை ஒருவரே பயன்படுத்த இயலும். அல்லது பலகையின் 0, 1 என்ற இரண்டு துளைகளில் பிள்ளை ஏதோ ஒரு கம்பியைச் செருகியிருக்கலாம். ஊனோ வகைப் பலகையில் அந்த இரண்டும் கணினியோடு பேசும் அதே வழி. நிரல் ஏற்றும் வரையில் அவற்றில் எதையும் செருகக் கூடாது.

இவ்வளவும் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? எதிரொலிச் சோதனை ஒன்று இருக்கிறது. என் எண்ணத்தில், பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய சோதனை இதுவே. ஊனோ பலகையில் 'ரிசெட்' துளையையும் 'ஜிஎன்டி' துளையையும் ஒரு கம்பியால் இணையுங்கள். நடுச் சில்லு உறங்கிவிடும். பிறகு 0, 1 துளைகளை இன்னொரு கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். கணினியில் சீரியல் மானிட்டரைத் திறந்து 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புங்கள். அதே சொல் திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், வாசல், மாற்றுச் சில்லு ஆகிய அனைத்தும் நலம். கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. திரும்பி வராவிட்டால் கோளாறு இப்பால் இருக்கிறது. ஒரே சோதனையில் பாதி வழி கழிந்துவிடுகிறது.

அப்பால் என்றால் எங்கே? பலகையோடு இணைத்த பொருள்களில். மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி, இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி, புளூடூத் கருவி என்று பிள்ளைகள் பலவற்றை இணைக்கிறார்கள். இவற்றுள் சீரியலில் பேசும் கருவிகளில் 'டிஎக்ஸ்' என்பது வாய், 'ஆர்எக்ஸ்' என்பது காது. ஒருவர் வாய் மற்றவர் காதோடு இணைய வேண்டும். வாயை வாயோடு கட்டினால் இரண்டும் கத்தும், எதுவும் கேட்காது. தரை என்னும் 'ஜிஎன்டி' கம்பியையும் மறக்கக் கூடாது. பழைய தந்தியில் ஒரே கம்பிதான் கண்ணுக்குத் தெரியும், மின்சாரம் மண் வழியாகத் திரும்பும். இங்கே அந்த மண்ணுக்குப் பதில் ஜிஎன்டி கம்பி. அது இல்லாமல் இரண்டு பொருள்களும் பொதுவான அளவு எதையும் அறியா.

வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊனோ 5 வோல்ட்டில் பேசும். இஎஸ்பி 32, மைக்ரோபிட் போன்றவை 3.3 வோல்ட்டில் பேசும். 5 வோல்ட்டை நேரே 3.3 வோல்ட் காதில் ஊதினால் அந்தக் காது கெட்டுப் போகலாம். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடையிகள் இரண்டைத் தொடராக இணைத்து 3.3 வோல்ட்டுக்கு இறக்கிவிடலாம். இத்தகைய சில்லறைச் சாமான்கள் கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும்.

இந்த இடத்தில் வீட்டிலுள்ள மூத்த பெண்களை அழைக்கிறேன். 1970-களில் சுங்கை வே தொழிற்பேட்டையில் மின்னணு ஆலைகள் வந்தபோது, தோட்டத்துப் பெண்களும் அங்கு வேலைக்குப் போனார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மயிரிழை போன்ற கம்பிகளை ஒட்டிய கைகள் அவை. கடையில் வாங்கும் சிறு கருவிகள் பலவற்றில் ஊசிகள் தனியாகப் பையில் கிடக்கும். அவற்றை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் துளையில் சும்மா செருகிவிட்டு, "சில சமயம் வேலை செய்யுது, சில சமயம் செய்யல" என்று பிள்ளை தலையைச் சொறியும். நல்ல ஈயப்பற்று பளபளவென்று குவிந்து வழியும், கெட்ட பற்று மங்கி உருண்டை பிடித்து நிற்கும். பிள்ளைகளே, உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர் என்றால், அவர் கண்ணில் ஒருமுறை காட்டுங்கள்.

சீரியல் பேச்சு பள்ளிப்பிள்ளைகளின் விளையாட்டு மட்டும்தானா? இல்லை. செம்பனை ஆலையின் வாசலிலும் இது இருக்கிறது. குலை ஏற்றிய லோரி எடைமேடையில் ஏறி நிற்கிறது. எடை காட்டும் பெட்டியிலிருந்து கிராணியின் கணினிக்கு எண் போவது பல ஆலைகளில் இதே சீரியல் கம்பி வழியாகத்தான். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்எஸ் 232 என்ற முறை அது. 9 ஊசிச் செருகியில் 2, 3, 5 ஆகிய மூன்றும் முதன்மையானவை. காது, வாய், தரை மூன்றும் அங்கேயும் உண்டு.

இங்கே வேகம் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? 9600 பாட் என்றால் ஒரு துடிப்பு ஏறத்தாழ 104 மைக்ரோ வினாடி. ஒரு பக்கம் 9600-இலும் மறுபக்கம் 4800-இலும் இருந்தால் எல்லாமே கிறுக்கலாக வரும். அது ஒருவகையில் நல்லது, தவறு என்று உடனே தெரிந்துவிடுகிறது. தொல்லை தருவது வேறொன்று. சில எடைப்பெட்டிகள் 7 துடிப்பும் ஒரு சரிபார்ப்புத் துடிப்பும் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். கணினியோ 8 துடிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கும். அப்பொழுது 0, 3, 5, 6, 9 ஆகிய எண்கள் சரியாகவே தெரியும். 1, 2, 4, 7, 8 ஆகியவை மட்டும் புரியாத குறிகளாக மாறும். 9,360 கிலோ சரியாக விழும், 9,420 கிலோவில் நடுவிரண்டு எண்கள் கெடும். சில லோரிக்குச் சரி, சில லோரிக்குத் தவறு என்றால் கம்பியை அசைத்துப் பயனில்லை, அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். குலை வெட்டுகிறவரின் கூலி பல இடங்களில் எடையைப் பொறுத்தது. ஆகவே, "மிஷின் சரியில்லை" என்று யாரேனும் சொன்னால், எந்த எண்கள் கெடுகின்றன என்று கேட்கும் உரிமை வெட்டுகிறவருக்கும் உண்டு. பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணையும் சீட்டில் அச்சாகும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்எஸ் 232 கம்பியில் 15 வோல்ட் வரையிலும், அதுவும் எதிர்மறையாகவும் வரக்கூடும். அதை நேரே மின்பலகையின் துளையில் செருகினால் பலகை மெய்யாகவே செத்துவிடும். இடையில் மேக்ஸ் 232 போன்ற மாற்றுச் சில்லு வைக்க வேண்டும். தூரமும் கவனிக்கத்தக்கது. ஆர்எஸ் 232-க்குப் பழைய கணக்கில் 15 மீட்டர் எல்லை. லயத்தின் கோடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரையில் கம்பி இழுத்து நீர்மட்டம் அறிய விரும்பினால், 1,200 மீட்டர் வரை போகக்கூடிய ஆர்எஸ் 485 முறையைத்தான் நாட வேண்டும். மாலையில் இடி மின்னல் தொடங்கினால் அந்த நீளக் கம்பியைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் சோதித்து, நல்ல கேபிளில், இன்னொரு கணினியிலும் எதிரொலி திரும்பவில்லை என்றால், அப்பொழுது பலகையைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். எவற்றையெல்லாம் சோதித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் கொண்டுபோங்கள், கடைக்காரர் பலகையை மாற்றித் தருவதா என்று முடிவு செய்ய அது உதவும்.