ஆஸ்பெஸ்டாஸும் ரத்தப் பரிசோதனையும்

(செம்பூர் கிளைக் கூட்டத்தில் பேசியது)



லேபரட்டரியில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால் ரிட்டயர் ஆன மாமாக்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு: "பிரேக் லைனிங் ஆலையில் இருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கேன்ஸருக்கு ரத்தத்திலேயே டெஸ்ட் இருக்காமே, பண்ணிக்கலாமா?"

நியாயமான கவலைதான். காட்கோபர், முலுண்ட் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளில் நம்மவர்களும் வேலை பார்த்தார்கள். அந்தத் தூசு, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோயாக வெளிப்பட இருபது முதல் ஐம்பது வருஷம் ஆகலாம். பேரன் பேத்தி எடுத்தபிறகு வருகிற வியாதி.

டெஸ்ட் இருப்பது நிஜம். மீசோதெலின் என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கலாம் என்று 2003-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2007-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் வியாதி ஏற்கெனவே உறுதியானவர்களைக் கண்காணிக்க மட்டுமே!

காரணம், 2012-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. வியாதி இல்லாத நூறு பேரில் ஐந்து பேரைத் தப்பாகக் காட்டினால் பரவாயில்லை என்று அளவை வைத்தால், ஆரம்ப நிலை நோயாளிகளில் நூற்றுக்கு 32 பேரைத்தான் அது பிடிக்கிறது. பாக்கி 68 பேருக்கு ரிப்போர்ட் 'நார்மல்'. ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு வியாதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள் (நமக்குக் கணக்கு வருமே). ஒருவரோ இருவரோ அகப்படுவார்கள். ஐம்பது பேர் வீணாகப் பயப்படுவார்கள். கிட்னி சரியில்லாவிட்டாலும் இந்த அளவு ஏறும்.

ஊர்ஜிதம் செய்வது பயாப்ஸிதான். மூச்சு வாங்கினால், நெஞ்சில் ஒரு பக்கம் விடாமல் வலித்தால், டாக்டரிடம் முதலில் ஆஸ்பெஸ்டாஸ் வேலையைச் சொல்லுங்கள். நெஞ்சில் நீர் கோத்தால் நம் தேசத்தில் முதலில் டி.பி. என்றுதான் நினைப்பார்கள். தூசு படிந்த யூனிபாரத்தை வீட்டில் துவைத்த மாமிகளும் அதைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நஷ்டஈடு கேட்க நேர்ந்தால் அது உதவும். ஆகவே கேட்டு ஒரு நகல் வாங்குங்கள். பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பி.எஃப். சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, அது இருக்கும் இடத்தைப் பிள்ளை, பெண்ணிடம் சொல்லி வையுங்கள். எக்ஸ்ரே படத்தைப் பரணில் சுருட்டிப் போட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.