தார்ச் சாலையோடு நின்றுவிட்ட கம்பி

கிள்ளானிலிருந்து கடலோரமாக வடக்கே செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று பட்டணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சுங்கை பெசாரை எட்டி உட்புறமாகத் திரும்பினால் சுங்கை பஞ்சாங். வாய்க்காலும் வயலும் தென்னையும் செம்பனையும் நிறைந்த சமவெளி அது. இந்த வட்டாரத்தின் சாலையோர உணவுக்கடைகளில் இன்று கைத்தொலைபேசியைக் காட்டியே பணம் செலுத்திவிடலாம். ஆனால், அதே சாலையிலிருந்து பிரியும் மண் பாதையில் இரண்டு மைல் உள்ளே போனால், சில தோட்டங்களில் அந்தக் கைத்தொலைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். அகண்ட அலைவரிசை நாட்டுக்கு என்ன செய்தது என்ற கேள்விக்கு இந்த இரண்டு மைலை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

பொருளாதார வல்லுநர்களின் கணக்கு ஊக்கம் தரக்கூடியதுதான். 2009-ஆம் ஆண்டில் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு, வளரும் நாடுகளில் அகண்ட அலைவரிசைப் பயன்பாடு 10 விழுக்காட்டுப் புள்ளி கூடினால் பொருளாதார வளர்ச்சி ஏறத்தாழ 1.38 விழுக்காட்டுப் புள்ளி உயர்வதாகக் கூறியது. உலகெங்கும் அமைச்சர்கள் மேற்கோள் காட்டிய எண் இது. ஆனால் இது முழு நாட்டின் சராசரி. பங்சாரில் இருக்கும் வீட்டையும் சபாக் பெர்ணம் மாவட்டத்து லயத்தையும் கூட்டிப் பிரித்தால் கிடைப்பது. லயத்தில் இருப்பவருக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்?

நம் நாட்டில் இந்தச் சேவை நடந்து வந்த பாதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 2001-இல் டெலிகோம் மலேசியா 'ஸ்ட்ரீமிக்ஸ்' சேவையைத் தொடங்கியது. பழைய தொலைபேசியின் செப்புக் கம்பியிலேயே இணையத்தை அனுப்பும் முறை அது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட வேகம் குறையும்; நான்கைந்து கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் இணைப்பே தடுமாறும். தொலைபேசி நிலையமோ பட்டணத்தில் இருந்தது. தோட்டங்கள் பட்டணத்துக்குப் பக்கத்தில் அமைந்தவை அல்ல. ஆக, யாரும் திட்டமிட்டு ஒதுக்காமலேயே, கம்பியின் நீளமே தோட்டத்து மக்களை ஒதுக்கிவிட்டது.

அடுத்து வந்தது கண்ணாடி இழைக் கம்பி. 2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் ஒப்பந்தம் செய்தன. மொத்தச் செலவு 11.3 பில்லியன் ரிங்கிட், அதில் 2.4 பில்லியன் ரிங்கிட் மக்கள் வரிப்பணம். 2010 மார்ச் மாதம் 'யுனிஃபை' சேவை முதலில் போய்ச் சேர்ந்த இடங்கள் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம். வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் போட்ட பணம் விரைவில் திரும்பி வரும் என்பது வியாபாரக் கணக்கு. அதைக் குறை சொல்வதற்கில்லை. புறநகர்ப் பகுதிகளுக்கான தனித் திட்டத்தில் கையொப்பமிட 2015 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தொலைவு மட்டுமே காரணம் என்றால், காலப்போக்கில் கம்பி நீண்டு சிக்கல் தீர்ந்திருக்கும். தோட்டத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. அது தனியார் நிலம். கோபுரம் எழுப்பவோ கம்பி இழுக்கவோ நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். லயத்து வீடும் தொழிலாளியின் பெயரில் இல்லை. நிறுவனத்தின் வீட்டில் குடியிருப்பவர், வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டியவர், இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு இணைப்பு வாங்க எத்தனை முறை யோசிப்பார்! இதே வட சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகவே இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. வீட்டுக்கே உறுதியில்லாத இடத்தில் இணையக் கம்பியைப் பற்றி யார் பேசுவது?

இத்தனைக்கும் இந்த வட்டாரம் புதுமைக்குப் பின்தங்கிய இடமல்ல. நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். முதலாளிக்கு வேண்டியது எதுவோ, அது தோட்டத்துக்குள் தாமதமில்லாமல் வந்தது. தொலைபேசி என்றால் நெடுங்காலம் துரை பங்களாவிலும் கிராணி அலுவலகத்திலும் மட்டுமே மணி அடித்தது. தொழிலாளி வீட்டில் மரணம் என்றாலும் செய்தி அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் வர வேண்டும். (இப்போது அந்தச் செம்பனையே இணையத்துக்கும் குறுக்கே நிற்கிறது. அடர்ந்த மட்டைகள் அலைகளை உறிஞ்சிக்கொள்வதால், கோபுரம் சாலையில் இருந்தும் மரங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டில் சமிக்ஞை மெலிந்துவிடுகிறது.)

தமிழர்கள் இணையத்தை அறியாதவர்களா என்றால், அதுவும் இல்லை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இந்த மண்ணில் பிறந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கணினித் தமிழுக்கு உலகத் தமிழர்கள் மலேசியாவைத் திரும்பிப் பார்த்த காலத்தில், அதே சிலாங்கூரின் வடகோடித் தோட்டங்களில் பிள்ளைகள் கணினியைப் பள்ளியில் மட்டுமே தொட்டுப் பார்த்தார்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு ஆழமானது என்பதை 2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காட்டிக் கொடுத்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் இணையத்துக்கு மாறியது. அப்போது கல்வி அமைச்சு ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்தது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடு. மேசைக் கணினி 6 விழுக்காடு. கருவி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கைத்தொலைபேசிதான் வகுப்பறை. அதுவும் வீட்டுக்கு ஒன்று. அப்பா காலையில் வேலைக்குக் கிளம்பினால் வகுப்பறையும் அவர் சட்டைப் பையில் ஏறிப் போய்விடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், எந்தப் பிள்ளைக்கு இந்த ஆண்டு தேர்வு என்று பார்த்துத்தான் பெற்றோர் கைத்தொலைபேசியைக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளின் படிப்பு என்ன ஆனது?

சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி சமிக்ஞைக்காக மரத்தில் ஏறித் தேர்வு எழுதிய செய்தி 2020 ஜூனில் நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டே அரசாங்கம் 'ஜெண்டேலா' திட்டத்தை அறிவித்தது. 2021 இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டு, அலைவரிசைகள் 4ஜிக்கு மாற்றப்பட்டன. நிலைமை முன்னேறியிருக்கிறது; அதை மறுக்கக் கூடாது. ஆனால் 'மக்கள் வசிக்கும் பகுதிகளில்' இத்தனை விழுக்காடு என்று சொல்லும்போது, மிச்சமிருக்கும் சில விழுக்காட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கணக்கு.

இணையம் என்றதும் பொழுதுபோக்கு என்று எண்ணிய காலம் போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க இணையம். ரஹ்மா ரொக்க உதவிக்கு இணையம். 2021-இல் தடுப்பூசிப் பதிவுக்கு மைசெஜாத்ரா. 2024-இல் ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை 'பாடு' தரவுத் தளத்தில் விவரம் பதியச் சொன்னபோதும் இணையம். உதவி அதிகம் தேவைப்படுகிறவரே விண்ணப்பப் பாரத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறார். விளைவு, பட்டணத்தில் ஒரு கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மறைச்சொல்லையும் ஒப்படைத்துவிட்டு, "எப்படியாவது போட்டுக் கொடுங்க தம்பி" என்று நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல தம்பி கிடைத்தால் சரி. இணைய மோசடிக்கு ஆளாவோர் பெருகியதால் 2022 அக்டோபரில் 997 என்ற தனி அழைப்பு எண்ணையே அரசாங்கம் தொடங்க வேண்டி வந்தது. அந்த எண் இன்று எத்தனை லயங்களில் தெரியும்?

சமுதாய வாழ்விலும் இணையம் கொடுத்தது உண்டு, எடுத்தது உண்டு. ரவாங்கிலும் ஷா ஆலமிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் முகத்தை, தோட்டத்திலேயே தங்கிவிட்ட பாட்டி திரையில் பார்க்கிறார். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சம்பள நாள் மாலையில் சமிக்ஞை கிடைக்கும் மேட்டில் கூடுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் இறுதிச் சடங்கைக்கூட உறவினர்கள் திரையில்தான் பார்த்தார்கள். மறுபுறம், 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரி முதல் தேதியோடு நின்று போனது. வாசகரும் விளம்பரமும் இணையத்துக்குப் போனதற்கு அதில் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

சமிக்ஞை இருக்கும் இடத்திலும் பணம் ஒரு தடை. பட்டணத்துக் குடும்பம் மாதக் கட்டணத்தில் வீடு முழுவதற்கும் அளவில்லா இணையம் பெறுகிறது. தோட்டத்துக் குடும்பம் ஆளுக்கொரு அட்டைக்கு வாரத்துக்கு வாரம் பணம் ஏற்றுகிறது. நான்கு அட்டைகளின் செலவை மாத இறுதியில் கூட்டிப் பார்த்தால், பட்டணத்துக் குடும்பத்தைவிடக் குறைவாகக் கட்டியிருக்க மாட்டார்கள்.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கிராமப்புற இணைய மையங்கள் 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கின. பெயர் பலமுறை மாறி, இன்று 'நாடி' என்ற பெயரில் நாடு முழுவதும் 1,000-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. இணையவழி வியாபாரத்துக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள். பயன்படுத்தியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மையம் பட்டணத்திலோ கம்பத்திலோ இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே போக அப்பாவின் மோட்டார் சைக்கிள் வேண்டும். அப்பா வேலை முடிந்து வரும் நேரத்தில் மையம் மூடியிருக்கும்.

தோட்டத்து வீடுகளுக்கும் பொருந்தும் சட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். வீடு, தண்ணீர், மின்சாரம், ஆயாக்கொட்டகை, சமூக மண்டபம் என்று முதலாளி செய்து தர வேண்டியவற்றை அது சொல்கிறது. அது எழுதப்பட்ட காலத்தில் இணையத்தைப் பற்றி யாரும் நினைத்திருக்க முடியாது. ஆனால் 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடியிருந்து, பிள்ளைகள் சமிக்ஞை தேடி அலைந்துகொண்டிருந்த அதே மாதங்கள். தொழிலாளர் தங்குமிடத்தில் கட்டில் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பூட்டக்கூடிய அலமாரி எந்த அளவில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதன் விதிமுறைகள் விவரமாகச் சொல்கின்றன. மெத்தையின் கனம்கூட நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். இணையத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.