வண்டி நின்றதால் வந்த ஊர்கள்



ரயில் ஊர்களின் வரலாற்றைப் பேசச் சொல்லி, ரயிலே வராத வாசுதேவநல்லூரில் மேடை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பீரங்கிக்கு எதிரே மண்கோட்டையை நம்பி நின்ற பூலித்தேவன் சீமை இது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற பெருஞ்சாலை நம் வாசல் வழியாகத்தான் போகிறது. ஆனால் 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் பாதை திறந்தபோது, அது ராஜபாளையத்தைத் தாண்டியதும் நம்மை விட்டு விலகிச் சங்கரன்கோவில் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து இன்றுவரை நாம் ரயிலேற வேண்டுமானால் சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ பாம்புக்கோவில் சந்தைக்கோதான் போயாக வேண்டும்.

தண்டவாளம் வந்தால் ஊர் வளரும் என்று சொல்வார்கள். நான் அதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்டவாளம் எத்தனையோ ஊர்களின் கொல்லைப்புறமாகப் போகிறது, அங்கேயெல்லாம் என்ன வளர்ந்தது? வண்டி நிற்க வேண்டும். அதுவும் நின்றே தீர வேண்டிய காரணம் ஒன்று இருக்க வேண்டும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கணும், எதிர்வண்டிக்கு வழி விடணும், பயணி இறங்கி வேறு வண்டி மாறணும். நிற்கிற அந்த நேரத்தில் ஒருத்தர் காப்பி கேட்பார், ஒரு குழந்தை பாலுக்கு அழும். அப்புறம் ஒரு கடை வரும். பாயிண்ட்ஸ்மேனுக்கும் கேங்மேனுக்கும் குவார்ட்டர்ஸ் வரும், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரும்.

இதற்கு நம் பக்கத்துச் சாட்சி மணியாச்சி. கரிசல் காட்டுக்கு நடுவே கிடந்த சின்னக் கிராமம். தென்னிந்திய ரயில்வே 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை போட்டது. திருநெல்வேலிக்கு ஒரு கிளை பிரிக்க வேண்டியிருந்தது, அதை மணியாச்சியில் பிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் திருநெல்வேலிக்காரர் மதராசுக்குப் போவதென்றாலும், அங்கிருந்து கொழும்புக்குப் போகிறவர் தூத்துக்குடியில் கப்பலேறுவதென்றாலும் மணியாச்சியில் இறங்கிக் காத்திருக்க வேண்டும் என்று ஆகிப்போனது. கலெக்டராகட்டும், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலியாகட்டும், அந்த நடைமேடையில் எல்லோருக்கும் காத்திருப்பு உண்டு. வெள்ளைக்காரர் முதல் வகுப்புப் பெட்டிக்குள் காத்திருந்தார், நம்மவர் வெயிலில் காத்திருந்தார். வித்தியாசம் அதுதான்.

1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் நடந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தை ரயில் அட்டவணையோடு சேர்த்து ஒரு தடவை பாருங்கள். திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு கிளம்புகிறார். திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி மணியாச்சிக்கு வந்துவிட்டது. கப்பல் பயணிகளோடு தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயில் இன்னும் வரவில்லை. இடையில் கிடைத்தது ஏறக்குறைய பத்து நிமிடம். செங்கோட்டையில் பிறந்து, புனலூர்க் காட்டிலாகாவில் வேலை பார்த்த வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டது அந்தப் பத்து நிமிடத்தில்தான். பிறகு நடைமேடையிலேயே இருந்த கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஊருக்குச் சோறு போட்ட அதே காத்திருப்பு, ஊரைச் சரித்திரத்திலும் ஏற்றிவிட்டது. இன்றைக்குப் பெயர்ப்பலகையில் வாஞ்சி மணியாச்சி என்று எழுதியிருக்கிறது. எழுதட்டும், அது நியாயம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னும் பின்னும் அங்கே கைகாட்டியை இறக்கியவர், எஞ்சினுக்குத் தண்ணீர்க் குழாயைத் திருப்பியவர், பிரம்பு வளையத்தில் டோக்கனை மாட்டி ஓடுகிற வண்டியில் நீட்டியவர், இவர்களில் ஒருவர் பெயராவது பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறதா?

மூன்றே வருஷத்தில் காற்று திசை மாறியது. 1914-இல் பாம்பன் பாலம் வந்தது. கொழும்புக்குப் போகிற கூட்டம் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. தூத்துக்குடிக் கப்பலுக்காக மணியாச்சியில் இருந்த காத்திருப்பு அப்படியே அங்கே குடிபோனது. தனுஷ்கோடியில் ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபாலாபீஸ் எல்லாம் எழுந்தன. ஐம்பது வருஷம் அந்த ஊர் வாழ்ந்தது. 1964 டிசம்பர் புயலில் ஊரோடு ஒரு பாசஞ்சர் வண்டியையும் கடல் கொண்டுபோனது.

கடல் வந்து அழித்தால் நாம் அழுகிறோம். சத்தமே இல்லாமல் அழிகிற ஊருக்கு யார் அழுவது? ஆஸ்திரேலியாவில் குக் என்று ஓர் ஊர். மரமே இல்லாத நல்லார்பார் சமவெளியில், 478 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாமல் போகிற தண்டவாளத்தின் மேல், 1917-இல் ரயிலுக்காகவே உண்டாக்கிய ஊர். பள்ளிக்கூடம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, அந்தப் பாலையில் நீச்சல் குளம்கூட இருந்தது. மளிகையும் இறைச்சியும் சம்பளமும் 'டீ அண்ட் சுகர்' என்கிற வண்டியில் வந்து இறங்கும். 1951-இல் டீசல் எஞ்சின் வந்தது. நீராவி எஞ்சினுக்கு வேண்டிய அளவு தண்ணீரும் ஆட்களும் அதற்குத் தேவைப்படவில்லை. 1996-இல் டீ அண்ட் சுகர் நின்றது, 1997-இல் ஊரையே மூடிவிட்டார்கள். இப்போது ஒருசிலர் மட்டும் காவலுக்கு இருப்பதுபோல இருக்கிறார்கள். சிட்னிக்கும் பெர்த்துக்கும் இடையே ஓடுகிற வண்டி அங்கே நின்று ஓட்டுநர் மாறிப் போகிறது. பயணிகள் இறங்கிக் காலி வீடுகளைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் பக்கம் அவ்வளவு மோசம் இல்லை. செங்கோட்டையைப் பாருங்கள். 1904-இல் மலைப்பாதை திறந்த நாள் முதல் மலையேறுகிற வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சினை மாட்ட வேண்டியிருந்தது. 2018-இல் அகலப்பாதை ஆன பிறகும் அந்தத் தேவை தீரவில்லை. ஏற்றம் இருக்கிற மட்டும் செங்கோட்டையில் வண்டி நின்றுதான் ஆக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த ஊருக்கு எழுதிக் கொடுத்த பட்டா அது!

பாம்புக்கோவில் சந்தைக்கு மலையும் இல்லை, ஜங்ஷனும் இல்லை. நம் வட்டாரத்து மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தபோது நாம் எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். வேகம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வேகம் என்றால் நிற்காமல் போவது என்றும் பொருள். புளியங்குடி எலுமிச்சை ரயிலுக்காகக் காத்திருப்பதில்லை, லாரியில் போகிறது. கரும்பு டிராக்டரில் போகிறது. ரயிலேறப் போகிற மனிதரும் ஊர் எல்லையைத் தாண்டும்போதே செல்போனில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு, சரியாக ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போய் நிற்கிறார். அவர் யாரிடம் காப்பி கேட்கப் போகிறார்?

மேடை போட்டுக் கொடுத்த நூலக நண்பர்களிடமும் உங்களிடமும் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு இறங்குகிறேன். இந்தக் கூட்டத்தில் கேங்மேன் மகன் இருப்பார், கேட் கீப்பர் பேத்தி இருப்பார். வில்வண்டி கட்டிக்கொண்டு பாம்புக்கோவில் சந்தைக்கு ஆள் ஏற்றிப் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அப்பா எந்த செக்‌ஷனில் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸில் எத்தனை வீடு இருந்தது, ராத்திரி வண்டிக்கு யார் கடை திறந்திருந்தது, இதையெல்லாம் நாலு பக்கம் எழுதி இங்கே கொடுங்கள். எழுத வராத பெரியவர்கள் சொல்லட்டும், பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து எழுதட்டும். நோட்டு நான் வாங்கித் தருகிறேன். கூட்டத் தலைவர் இரண்டாவது தடவையாகச் சீட்டு அனுப்பிவிட்டார், அடுத்துப் பேச வேண்டிய ஐயாவிடம் மைக்கைக் கொடுக்கிறேன்.