காலைப் பசியைக் கெடுக்கிறது முந்தின நாள் சாயங்காலம்

எட்டாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்காக இன்னிக்குப் பேசுறேன்.

"காலையில ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறாங்க." இந்தக் குறையைச் சொல்லாத அம்மா குறைவு. நம்ம அரசுப் பள்ளியில காலை உணவு அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அதுக்கு மேல அந்த வேளை முழுக்க வீட்டுப் பொறுப்பு. ஆனா காலையில தட்டை நீட்டிக் கெஞ்சுறதுல பிரயோஜனம் இல்லைங்க. முந்தின நாள் சாயங்காலத்தைப் பாருங்க.

டியூஷன் போற வழியில, பெட்டிக்கடையில 20 ரூபாய்க்கு எனர்ஜி டிரிங்க் கிடைக்குது. அந்த மாதிரி பானத்துல லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரைக்கும் கஃபீன் இருக்க நம்ம நாட்டு விதி அனுமதிக்குது. 250 மில்லி பாட்டில்னா 75 மில்லிகிராம் வரைக்கும் வரும். குழந்தைகளுக்கு ஏற்றதில்லைன்னு பாட்டில் மேலயே பொடி எழுத்துல இருக்கும், எடுத்துப் படிச்சுப் பாருங்க. குடிச்ச கஃபீன்ல பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்ச பிள்ளைக்கு ராத்திரி 11 மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கு. தூக்கம் வராது. போனை எடுப்பாங்க, திரும்பப் பசிக்கும், நூடுல்ஸ் கிண்டுவாங்க. 1 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தா இட்லி எப்படி இறங்கும்? வெறும் வயித்தோட போய், சாயங்காலம் சோர்ந்துபோய், மறுபடியும் அதே கடை.

அதனால பள்ளி விட்டு வர்ற நேரத்துக்கு ஏதாவது தயாரா இருக்கட்டும். சுண்டல், அவிச்ச முட்டை, கடலை உருண்டை, வாழைப்பழம், எது முடியுதோ அது. நீங்க வேலைக்குப் போறவங்கன்னா காலையிலேயே டப்பாவுல போட்டு, கண்ணுல படுற இடத்துல வெச்சுட்டுப் போங்க. "கண்டதைத் தின்னாதே"ன்னு திட்டினா ஒளிஞ்சு சாப்பிடுவாங்க, அவ்வளவுதான்.

பெண் பிள்ளைங்க விஷயம் எனக்கு இன்னும் கவலை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இந்தியாவுல 15 முதல் 19 வயசு வரை உள்ள பெண்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாசாமாசம் ரத்தம் போகுது, உடம்பும் வளருது. இதுல சாப்பிட்ட கையோட டீ குடிச்சா, சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாம அந்த டீ தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க. முருங்கைக்கீரை, பயறு வைக்கிற அன்னிக்கு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தா அந்தச் சத்து நல்லா ஒட்டும். பள்ளியில தர்ற இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில போடுறாளான்னு பக்குவமாக் கேளுங்க. வயித்தைப் புரட்டுதுன்னு பயந்திருப்பா. சாப்பிட்ட பிறகு போட்டா அது குறையும். மூச்சு வாங்குது, எப்பவும் களைப்புன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாருங்க. 12-க்குக் கீழே இருந்தா டாக்டர் சொல்ற மருந்தை விடாமக் கொடுங்க.

தண்ணி பாட்டில் அப்படியே நிறைஞ்சு திரும்பி வந்தாலும் அவளைத் திட்டாதீங்க. பல பிள்ளைங்க பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமலே நாள் முழுக்கத் தண்ணியைத் தவிர்க்குறாங்க. நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் அதுல இருந்து வருது. அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க் பத்திக் கேட்கிறதுக்கு முன்னாடி, கழிப்பறையில தண்ணி வருதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு கேளுங்க. அப்பாக்களும் கேளுங்க.