தெருப் பள்ளிவாசல்



பள்ளிவாசல் என்றதும் உயர்ந்த மினாராக்களும் பெரிய குவிமாடங்களும் உங்களிற் பலரது நினைவில் எழக்கூடும். கொழும்புப் புறக்கோட்டையிலே சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைக் கண்டு வியவாதவர் சிலரே. அத்தகைய பள்ளிவாசலைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. கிழக்கிலங்கையின் கரையோரத்தில், மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில், நாலைந்து தெருக்களுக்கு ஒன்றாக அமைந்திருக்கும் சிறு பள்ளிவாசலைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மக்கள் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றுவிடுவர். மற்றைய வேளைகளில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இச்சிறு பள்ளியிலேதான்.

என் பாடசாலைக்கும் அத்தகைய ஒரு பள்ளிவாசலுக்கும் இடையே இருப்பது ஒரு மதில் மாத்திரமே. பிள்ளையொன்று சில நாள் தொடர்ந்து வராவிட்டால், வரவு இடாப்பைப் புரட்டுவதிலும் பார்க்க மதிலுக்கு அப்பாலுள்ள மோதினாரிடம் ஒரு வார்த்தை கேட்பது பயன் தரும் என்பதை என் அனுபவத்திற் கண்டிருக்கிறேன். எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் மனத்தாங்கல், எவர் வெளியூர் போனார் என்பன அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த அறிவு எங்ஙனம் வந்தது? இங்கே கிழக்கிலங்கையின் வழக்கமொன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழியாகவே தம் குடியைக் கணக்கிடுவர். தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை என்பது பழைய வழக்கு. தமிழர் கோயில்களிலே திருவிழா உரிமைகள் குடிவாரியாக வகுக்கப்பட்டிருப்பது போல, முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசல்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருந்தார். தம் குடியினரின் கலியாணம், பிணக்கு, மரணம் அனைத்திலும் அவர் முன்னிற்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் பள்ளிவாசல்களையும் வக்புச் சொத்துக்களையும் பதிவுக்கும் கணக்குக் காட்டுதலுக்கும் உட்படுத்தியது. நம்பிக்கையாளர்களை நியமிக்கும் அதிகாரம் வக்பு சபையிடம் வந்தது. எனினும் ஊர்வழக்கில் மரைக்காயர் என்ற பெயர் அழியவில்லை.

இன்னொன்று. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கே சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். ஆகவே ஒரு தெருப் பள்ளியின் சப்பிலே நிற்கும் ஆண்களிற் பெரும்பாலோர் அத்தெருவிற் பிறந்தவரல்லர். மருமக்களாக வந்து சேர்ந்தோர். நானும் அவ்வாறு வந்தவனே. இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தும் முதியவர்கள் என்னை "மருதமுனையார்" என்றே அழைக்கின்றனர். புதிதாக வந்த மருமகனைத் தெருவுக்கு அறிமுகப்படுத்துவது பள்ளிவாசலே. ஹவுழின் கரையில் அமர்ந்து ஒழுச் செய்யும்போது பக்கத்திலிருப்பவர் ஊரும் தொழிலும் விசாரிப்பார். ஒரு மாதத்தில் அவன் தெருவுக்கு உரியவனாகிவிடுவான். ஆனால் அத்தெருவிலே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே மூப்படைபவர்கள் பெண்கள். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காலையிற் சிறுவர் குர்ஆன் ஓதுவதும், மையித்தைச் சுமக்கும் சந்தூக்கு பள்ளிவாசலிற் பொதுவாக வைக்கப்பட்டிருப்பதும், ஒருவர் காலமானாற் சில நிமிடங்களுள் ஒலிபெருக்கி அறிவிப்பதும் எல்லோரும் அறிந்தவை. றமழான் மாதத்துக் கஞ்சியைப் பற்றி மாத்திரம் சற்று விரித்துச் சொல்ல ஆசை. அரிசியும் தேங்காய்ப்பாலும், இஞ்சி, உள்ளி, இரம்பை, சில நாட்களில் இறைச்சியுமாகப் பெரிய கிடாரத்தில் அது கொதிக்கும். இன்ன நாளுக்கு இன்ன குடும்பத்தின் செலவு என்று முன்னரே எழுதப்பட்டிருக்கும். அஸர்த் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் பாத்திரங்களுடன் வரிசையில் நிற்பர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் நிற்கும், கூலியாள் வீட்டுப் பிள்ளையும் நிற்கும். அயலிலுள்ள தமிழ்ப் பிள்ளைகள் வந்து வாங்கிச் செல்வதையும் கண்டிருக்கிறேன். பள்ளிக் கஞ்சிக்கு வீட்டுக் கஞ்சி ஒருபோதும் ஈடாகாது என்பது என் துணிபு. என் இல்லாள் இதை ஏற்பதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டவர் தொகை பத்தாயிரத்துக்கும் மேல். வெளியுதவி வந்து சேருமுன் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களுமே மக்களுக்குப் புகலிடமாயின. கடலுக்குச் சற்று அப்பாலிருந்த எங்கள் பள்ளிவாசலில் அன்று மாலை, காணாமற் போனோரின் பெயர்களை எழுதுவதற்காக நான் ஒரு கொப்பியுடன் அமர்ந்தேன். மரைக்காயர் ஒருவர் வீடு வீடாக நினைவிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். குடும்பத் தலைவர்களின் பெயர்கள் தடையின்றி வந்தன. பிள்ளைகளிடம் வந்ததும் தடுமாறினார். அப்போது சுவரின் மறுபுறத்திலிருந்த பெண்கள் சொல்லத் தொடங்கினர். இரண்டு மாதக் குழந்தையின் பெயர், விருந்தாக வந்திருந்த மைத்துனியின் பெயர், முதல் நாள் இரவு பாட்டியிடம் உறங்கப்போன பேத்தியின் பெயர். அக்கொப்பியில் அரைவாசிக்கு மேல் அவர்கள் சொன்னவை.

இதனை நான் பெரிதாக எண்ணியிருந்தும், சில ஆண்டுகளின் பின் வந்த சிறிய சோதனையிலே தவறிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. இடாப்பிலே அவனுக்கு நேரே வரவின்மையைக் குறித்துக்கொண்டிருந்தேனேயன்றி விசாரிக்கவில்லை. பின்னர்தான் அவன் பட்டினத்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தமை தெரிந்தது. தந்தை வியாபாரி, நோயிற் படுத்துவிட்டார். அது றமழான் மாதம். ஸக்காத் பெறுவோரின் பட்டியல் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. நான் மரைக்காயரிடம் சென்று அவ்வீட்டின் பெயர் உண்டா என்று கேட்டேன்.

"அது கல் வீடல்லவா, சேர்? சீதனத்துக்குக் கட்டின நல்ல வீடு," என்றார் அவர். கல்நெஞ்சரல்லர், சொந்தப் பணத்தில் எத்தனையோ பேரைத் தாங்கியவர். கேளாத வீட்டுக்கு உதவி அனுப்பினால் அவ்வீட்டார் மனம் புண்படும் என்று அஞ்சினார். அந்த அச்சமும் நியாயமானதே.

அத்தெருவில் பெண் பிள்ளைகளுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் ஓதிக் கொடுக்கும் முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். அவரிடம் ஆளனுப்பி விசாரித்தேன். "போன வருசம் அந்த வீட்டுப் பிள்ளை கஞ்சிக்குச் சின்ன வாளிதான் கொண்டு போகும். இந்த வருசம் பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு போகுது. உங்களுக்கு அது தெரியவில்லையா?" என்று கேட்டனுப்பினார். கஞ்சி வார்த்தவர்கள் ஆண்கள். அச்சட்டியை நாள்தோறும் நிரப்பியவர்களும் அவர்களே. மரைக்காயர் இதைக் கேட்டதும் நெடுநேரம் பேசாதிருந்தார். அன்றிரவு தராவீஹ் தொழுகைக்குப் பின், எவர் கண்ணிலும் படாமல், அவ்வீட்டுக்கு வேண்டியது போய்ச் சேர்ந்தது. பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கியபோது பையன் வகுப்புக்கு வந்தான்.

அதன் பின் நிருவாகத்தார் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டனர். பட்டியல் முடிவு செய்யப்படுமுன் ஒவ்வொரு தெருவிலும் ஓதிக் கொடுக்கும் பெண்மணியிடம் கேட்பதென்பது அது. இரண்டு றமழான் அவ்வாறே நடந்தது. இரண்டாம் வருடம் பட்டியலில் ஏழு வீடுகள் புதிதாகச் சேர்ந்தன. வசதி திரும்பிவிட்ட மூன்று வீடுகள் தாமாகவே நீங்கிக்கொண்டன. பின்னர் நிருவாகம் மாறியது. புதியவர்கள் சுறுசுறுப்பானவர்கள், தரைக்கு மாபிள் பதித்தார்கள், கணக்குகளைக் கணினியில் ஏற்றினார்கள். ஆனால் பெண்களிடம் கேட்கும் வழக்கம் நின்றுபோயிற்று. நான் வினவியபோது, அப்படியொரு தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டிற் காணவில்லையே என்றனர். அவர்கள் சொன்னது உண்மை. அன்று அதனை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்த நானும் அக்கூட்டத்தில் இருந்தேன்.

வருகின்ற றமழானுக்கு முன் நிருவாக சபை கூடவிருக்கிறது. அந்த ஒழுங்கைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஓதிக் கொடுக்கும் பெண்மணிகளின் பெயர்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. கூட்டத்தில் வாசிப்பதாகச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்.