பேசாதவருக்குத் தெரிந்தது

இன்று பட்டம் பெறும் அறிவியல், பொறியியல் மாணவ மாணவியரே,

உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோடிங் எழுதியது யார்? ரிப்போர்ட் தட்டியது யார்? உதிரிப் பாகம் வாங்கச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்தது யார்? ரிவ்யூவில் கைடு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது யார்? பல கல்லூரிகளில் கேட்காமலே சொல்லிவிடலாம். பொறுமையாகச் செய்வார்கள் என்று ரிப்போர்ட் பெண்களிடம் போகும். ஆங்கிலத்தில் தடுமாறும் தமிழ்வழி மாணவர் கடைக்குப் போவார். சரளமாகப் பேசுகிறவர் டீம் லீடர். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

இது அநியாயம் என்பது உங்களுக்கே தெரியும். இதனால் வேலையும் கெடுகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு விமான விபத்தைப் பாருங்கள். 1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் இறங்க வேண்டிய யுனைடெட் 173 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்று சந்தேகம். அதைச் சரிபார்ப்பதிலும் பயணிகளைத் தயார்படுத்துவதிலும் கேப்டன் மூழ்கியிருக்க, விமானம் ஏறக்குறைய ஒரு மணிநேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் குறிப்பிட்டார்கள். ஆனால் கேப்டன் மனதில் தைக்கும்படி சொல்லவில்லை. எஞ்சின்கள் அணைந்தன, விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் அளவுமானி சரியாகத்தான் வேலை செய்தது. இதற்குப் பிறகுதான், கேட்கும் கேப்டனையும் தயங்காமல் சொல்லும் உதவியாளரையும் பயிற்சியால் உருவாக்க முடியும் என்று விமானத் துறை ஏற்றது. 1981-ல் அதே நிறுவனம் அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயம்.

2010-ல் அனிதா வூல்லியும் சக ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல வேலைகள் கொடுத்தார்கள். குழுவில் எத்தனை மேதைகள் என்பது பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. அடுத்தவர் மனநிலையை உணர்கிறவர்கள் இருந்த குழுக்களும், ஓரிருவரே பேசித் தீர்க்காமல் எல்லோரும் மாறிமாறிப் பேசிய குழுக்களும் நன்றாகச் செய்தன.

நம் கல்லூரிகளில் குழுப்பணி தேர்ச்சி இலக்குகளில் ஒன்று. அங்கீகாரக் குழு வருமுன் கோப்பில் டிக் விழுந்துவிடும். (பேராசிரியர்கள் சிரிப்பது தெரிகிறது.) வகுப்பில் கற்றுக்கொடுப்பதுதான் இல்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய தேவையோ இப்போது கூடியிருக்கிறது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம் உண்டு. அவர்கள் வகுப்புக்குள் வரச் சட்டம் வழிசெய்தது. குழுவில் அவர்கள் வாய் திறக்க வழிசெய்வது கூட இருப்பவர்களின் வேலை.

அதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். பேசத் தொடங்குமுன் ஆளுக்கு இரண்டு நிமிடம் யோசனையைத் தாளில் எழுதட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். பொறுப்புகள் மாதந்தோறும் கைமாறட்டும். தமிழில் சொன்னால்தான் தெளிவாக வரும் என்றால் தமிழில் சொல்லட்டும். சர்க்யூட்டுக்கு மொழி தெரியாது.

வேலைக்குச் சேர்ந்ததும் முதல் கூட்டத்தில் யார் பேசவில்லை என்று பாருங்கள். அவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பெயரிலேயே குறித்து வையுங்கள். பேசாதவர் நீங்களே என்றால், ஒருமுறை சொல்லி எடுபடாததை மறுமுறை எண்ணோடு, தேதியோடு சொல்லுங்கள்.