கைபேசிக்குள் இருக்கும் கூலி
(வைட்ஃபீல்டில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிறது. ஊரிலிருக்கும் தாயின் முகத்தை அதில்தான் பார்க்கிறோம். அதற்குள் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று பார்ப்போமா?

உள்ளே சில்லு, நினைவகம், திரை, காமிரா, பாட்டரி. பாட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் குழி தோண்டுகிறார்கள். சில்லுகளின் இணைப்புகளில் துளித் தங்கமும் உண்டு. தங்கம் என்றால் நமக்குக் கோலார் நினைவு வராதா? வடார்க்காட்டிலிருந்து போன நம் பாட்டன்மார் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பேரப்பிள்ளைகள் விடியற்கால ரயிலேறி இங்கே கூலிக்கு வருகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2009-ல் 500 டாலருக்கு விற்ற ஐபோனின் உற்பத்திச் செலவை இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். மொத்தம் 178.96 டாலர். நினைவகத்துக்கு மட்டும் 24 டாலர். சீனத்தில் அதைக் கோர்த்து முடித்த வேலைக்கோ 6.50 டாலர்! நூறு ரூபாய் பொருளில் ஒரு ரூபாய் முப்பது காசு! இந்தச் சில்லறையிலும் மிச்சம் பிடிப்பதற்குத்தான் ஆலைகள் நாடு விட்டு நாடு போகின்றன.

நம் பக்கத்திலேயே, ஒசகோட்டையைத் தாண்டி நரசாபுரத்தில், 2020 டிசம்பர் 12-ல் நடந்தது நினைவிருக்கும். பேசிய சம்பளம் வரவில்லை, வேலையோ 12 மணி நேரம் என்று விஸ்ட்ரான் தொழிலாளர் கொதித்தெழுந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். சிலருக்குச் சம்பளம் தாமதமானதைப் பின்னர் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2023-ல் ஆலை டாடாவின் கைக்கு மாறியது. கேட்க ஒரு சங்கம் இருந்திருந்தால் கல் எடுக்க வேண்டி வந்திருக்குமா?

அதே 2023-ல் கர்நாடகம் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் ஏப்ரலில் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. அரசு அதைத் திரும்பப் பெற்றது. இதுதான் நமக்குப் பாடம்.

ஆகவே தோழர்களே, ஒப்பந்தக்காரர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அதிக நேர வேலையைத் தேதியோடு குறித்து வையுங்கள்; அதற்கு இரட்டிப்புக் கூலி சட்டப்படி நம் உரிமை. பக்கத்தில் நிற்பவர் கன்னடரா, ஒடியரா, பீகாரியா என்று பாராதீர்கள். அவர் கூலி குறைந்தால் நாளை நம் கூலியும் குறையும்.

கோர்ப்பது நம் கைகள். அந்தக் கைகளும் கோர்த்து நிற்கட்டும்!